ஆதி வேட்டுவர் உணவும் வன்னி அடுப்படியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இலங்கையின் வன்னிக் கிராமங்களில் சீனி வருத்தம் (நீரிழிவு) பற்றிப் பேசப்போகும் இடமெல்லாம் இப்போது ‘பேலியோ’ என்ற சொல் வந்து விழுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவைக் காட்டி, ‘இதைச் செய்யலாமோ?’ என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேட்டுவர் உணவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் பலவகைத் தன்மை. இறைச்சியின் அளவு அதற்குப் பிறகுதான் வரும். அந்தப் பலவகை இன்னும் வன்னியின் வேலியிலும் குளத்திலும் இருக்கிறது.

பேலியோ உணவு என்று எதைச் சொல்கிறார்கள்?

பயிர்ச்செய்கை தொடங்கி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முந்திய மிக நீண்ட காலம் மனிதர் வேட்டையாடியும் காய் கனி கிழங்கு சேகரித்தும் வாழ்ந்தார்கள். நம் உடம்பு அந்த உணவுக்கே பழகியது, இன்றைய சீனியும் மாவும் அதற்குப் புதிது என்பது அடிப்படை வாதம். 1985இல் பாய்ட் ஈட்டன், மெல்வின் கொன்னர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முன்னணி மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பெரிதாகப் பரவியது. வழக்கமான பட்டியலில் இறைச்சி, மீன், முட்டை, மரக்கறி, பழம், கொட்டை வகைகள் உண்டு. தானியம், பருப்பு, பால், சீனி, ஆலையில் பதப்படுத்திய உணவு கிடையாது.

முகநூல் வழியாகத் தமிழில் பரவிய பேலியோ வேறு. அதில் வெண்ணெய், நெய், பனீர் எல்லாம் உண்டு, காலையில் 100 பாதாம் உண்டு, மாச்சத்து மட்டும் மிகக் குறைவு. கற்கால வேட்டுவரிடம் கறவை மாடு இருக்கவில்லை. ஆகவே அதை ‘மாச்சத்துக் குறைந்த, கொழுப்புக் கூடிய உணவு’ என்று சொல்வதே பொருத்தம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆதி மனிதர் இறைச்சியைத்தானே தின்றார்கள்?

இடத்தைப் பொறுத்தது. பனிப்பிரதேச மக்களுக்குக் கடல் விலங்கும் மீனும்தான் உணவு, அங்கே மரக்கறிக்கு வழியில்லை. ஆனால் கலஹாரிப் பாலைநிலத்து சான் மக்களை 1960களில் ஆராய்ந்தபோது உணவின் பெரும்பங்கு கொட்டைகளும் கிழங்குகளுமாக இருந்தது. தன்சானியாவின் ஹட்சா மக்கள் இன்றும் கிழங்கு, பெரிப்பழம், பெருக்கமரப் பழம், தேன், இறைச்சி என்று பருவத்துக்குப் பருவம் மாற்றி உண்கிறார்கள்.

தொல்லியலும் இதையே காட்டுகிறது. தென்னாபிரிக்காவின் எல்லைக் குகையில் ஏறத்தாழ 1,70,000 ஆண்டுகளுக்கு முன் நெருப்பில் சுட்ட கிழங்குகளின் கரி கிடைத்தது. கலிலேயக் கடலோரத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முந்திய குடியிருப்பில் காட்டுத் தானியத்தை அரைத்த கல் கிடைத்தது. யோர்தானில் 14,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய அடுப்பில் ரொட்டித் துணுக்குகளே கிடைத்தன, அதுவும் அங்கே பயிர்ச்செய்கை தொடங்குவதற்கு வெகு காலத்துக்கு முன்பு. வேட்டுவர் தானியத்தைத் தொடவே இல்லை என்று யாராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம்.

எங்கள் பக்கத்து ஆதி மனிதர் என்ன சாப்பிட்டார்கள்?

இலங்கையின் ஈரவலயக் குகைகள் உலகப் புகழ் பெற்றவை. களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கலைக் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டு முதல் மனிதர் வாழ்ந்த தடயம் உண்டு. அங்கே குரங்கையும் அணிலையும் வேட்டையாடி உண்டிருக்கிறார்கள், எலும்பில் அம்புமுனை செய்திருக்கிறார்கள். இரத்தினபுரிப் பக்கத்து பட்டதொம்பலெனயிலும் கித்துல்கலை பெலிலெனயிலும் காட்டு வாழை, காட்டுப் பலா இனம், கக்குணைக் கொட்டை, நத்தை என்று நீண்ட பட்டியல். ஆனால் அது மழைக்காட்டு உணவு. நம்முடையது வரண்ட காடு, இங்கே பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடு.

வன்னியிலும் கற்கால மனிதர் நடமாடினார்கள். இரணைமடுவில் கண்டறியப்பட்ட சரளைப் படிவுக்கு ‘இரணைமடுப் படிவு’ என்றே புவியியலில் பெயர். தென்கரையில் புந்தலைப் பக்கம் இதே வகைப் படிவில் கிடைத்த கல்லாயுதங்கள் ஏறத்தாழ 1,25,000 ஆண்டு பழையவை என்று கணித்திருக்கிறார்கள். இரணைமடு என்றால் நமக்குக் குளமும் வயலும்தான் நினைவுக்கு வருகின்றன. அதே மண்ணுக்குள் நெல்லறியாத காலத்து மனிதரின் கல்லாயுதங்களும் கிடக்கின்றன என்பதை நம் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் யாராவது சொல்ல வேண்டும்.

அண்மைக் காலத்துக்கு வந்தால் வன்னியில் வேடர் வாழ்ந்தார்கள். கண்டி அரசனிடம் 1660இல் பிடிபட்டு, 1679இல் காட்டாற்று வழியே மன்னாரின் அரிப்புக்குத் தப்பி வந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், வேடர் இறைச்சியைத் தேனில் இட்டு மரப்பொந்தில் வைத்துக் களிமண்ணால் அடைத்துப் பேணியதை எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேடரிடையே போய் ஆராய்ந்த செலிக்மன் தம்பதியர் காட்டுக் கிழங்கு, தேன், உடும்பு, மான் என்று அவர்கள் உணவைப் பதிந்தார்கள். காட்டை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் அப்போதே மிகச் சிலர். மற்றவர்கள் காட்டை வெட்டி எரித்துச் சேனைப்பயிரும் செய்தார்கள்.

அவர்கள் முப்பது வயதில் செத்துப்போனவர்கள்தானே? அவர்களைப் பார்த்து நாம் ஏன் சாப்பிட வேண்டும்?

சராசரி ஆயுள் குறைவாக இருந்ததற்குக் காரணம் குழந்தைச் சாவு. வேட்டுவக் குழுக்களின் இறப்புத் தரவுகளைத் தொகுத்த 2007ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றின்படி, பிள்ளைப் பருவத்தைத் தாண்டியவர்களில் அதிகம் பேர் இறந்த வயது 70ஐ ஒட்டியது. அவர்களைக் கொன்றவை தொற்று, விபத்து, பிரசவம், சண்டை. ஆனால் நோயே இல்லாதவர்கள் என்றும் நினைக்கக் கூடாது. 2013இல் வெளியான ஆய்வில் 137 பழங்கால மம்மிகளை ஸ்கேன் செய்தபோது, வேட்டையாடி வாழ்ந்த அலூசியத் தீவு மக்களின் இரத்தக் குழாய்களிலும் அடைப்பு தெரிந்தது.

இப்படிச் சாப்பிட்டால் சீனி வருத்தம் குறையுமா?

குறையலாம், ஆதாரம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அவுஸ்திரேலிய ஆய்வு. 1980களின் தொடக்கத்தில், நகர வாழ்க்கைக்கு மாறி நீரிழிவு வந்த ஆதிவாசிகள் 10 பேர், மேற்கு அவுஸ்திரேலியாவில் தங்கள் பூர்வீக நிலத்துக்குத் திரும்பி 7 வாரம் காட்டு உணவில் வாழ்ந்தார்கள். சராசரியாக 8 கிலோ எடை குறைந்தது. வெறும் வயிற்றுச் சீனி லீற்றருக்கு 11.6 மில்லிமோலிலிருந்து 6.6க்கு இறங்கியது. கெரின் ஓடீ என்ற ஆய்வாளர் 1984இல் இதை வெளியிட்டார். ஆனால் அந்த மக்கள் உணவை மட்டும் மாற்றவில்லை. தாங்களே தேடி, நடந்து, தோண்டி உண்டார்கள், மொத்தக் கலோரியும் குறைவு, மது இல்லை. எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியாது. வீட்டில் கதிரையில் இருந்துகொண்டு வறுத்த கோழி தின்றால் அதே பலன் வராது.

ஸ்வீடனில் சிறு ஆய்வுகள் நடந்தன. 2009இல் நீரிழிவு உள்ள 13 பேரிடம், மூன்று மாத வேட்டுவ உணவு எச்பிஏ1சியை (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் அளவு) வழக்கமான நீரிழிவு உணவைவிடச் சற்றே கூடுதலாகக் குறைத்தது. 2014இல் வெளியான இரண்டு ஆண்டு ஆய்வில் மாதவிடாய் நின்ற, உடற்பருமன் கூடிய 70 பெண்கள் பங்கெடுத்தார்கள். ஆறாம் மாதத்தில் வேட்டுவ உணவுக்காரருக்கு, ஒப்பிடப்பட்ட மற்றக் குழுவைவிட உடற்கொழுப்பு நன்றாகக் குறைந்தது, 24ஆம் மாதத்தில் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கடைப்பிடிப்பதுதான் கடினம் என்று இதை வாசிக்கிறேன்.

2005-06இல் இலங்கையில் நடந்த பெரிய ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று சொன்னது. போரினால் வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. இன்று இங்கே கிளினிக் நாளில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குக் கணக்குத் தேவையில்லை.

சோறில்லாமல் எப்பிடி இருக்கிறது?

இருக்க வேண்டியதில்லை. பொலிவியாக் காட்டின் திசிமானே மக்கள் சோறும் வாழைக்காயும் மரவள்ளியும் தின்று, கலோரியில் 70 சதவீதத்துக்கு மேல் மாச்சத்திலிருந்தே பெறுகிறார்கள். 2017இல் வெளியான ஆய்வில் அவர்களின் இதயக் குழாய்கள்தான் அதுவரை பதிவானவற்றில் மிகச் சுத்தமானவை. ஆனால் அவர்கள் நாள் முழுக்க உடம்பை அசைத்து வாழ்பவர்கள், சீனி மிகக் குறைவு.

நம் தட்டைப் பாருங்கள். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாச்சத்து. மத்தியானம் கும்பம் போலப் போடும் சோறு 400 கிராம் வரும், அதில் மட்டும் 110 கிராம். கூடவே உருளைக்கிழங்குக் கறி, பின்னேரம் பணிசும் சீனி போட்ட தேத்தண்ணியும், இரவில் கோதுமை மாப் புட்டு. ஒரு தேக்கரண்டி சீனி 4 முதல் 5 கிராம், நாளுக்கு ஐந்து தேத்தண்ணி இரண்டு கரண்டியோடு குடித்தால் 40 கிராமுக்கு மேல் வெறும் சீனி. வயலில் மண்வெட்டி பிடித்த அப்புவுக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது. இன்று உழவு இயந்திரம் உழுகிறது, அறுவடை இயந்திரம் அறுக்கிறது, சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை.

என் கருத்தில் வெட்ட வேண்டிய வரிசை இதுதான்: முதலில் சீனியும் சோடாவும், பிறகு பாணும் பணிசும் கோதுமை மாவும், கடைசியாகச் சோற்றின் அளவு. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற ஊர் நெல் கிடைத்தால் தவிடு போகாமல் குற்றிச் சமையுங்கள். அதையும் அளவோடுதான், சிவப்பரிசியிலும் மாச்சத்து ஏறத்தாழ அதே அளவு.

வன்னியில் வேட்டுவ உணவென்று என்ன கிடைக்கும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஆசையோடு பதில் சொல்வேன்.

இலைகளிலிருந்து தொடங்குவோம். முசுட்டை, குறிஞ்சா, மொசுமொசுக்கை, முடக்கொத்தான், தூதுவளை, தவசிமுருங்கை, சாரணை, பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கையிலை. இவற்றில் பாதி விதைக்காமல் முளைப்பவை. முசுட்டை வேலியில் படரும் கொடி, இலையின் அடிப்பக்கம் வெள்ளிப் பட்டு மாதிரி மினுங்கும். இளம் இலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுருட்டி, நூல்போல மெல்லியதாக அரிய வேண்டும், தடிப்பாக அரிந்தால் வாயில் சக்கையாக நிற்கும். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, இலையைப் போட்டு, அது சுருண்டதும் தேங்காய்ப்பூவும் கொஞ்சம் மஞ்சளும் உப்பும் தூவிப் பிரட்டி உடனே இறக்கிவிட வேண்டும். மூடி வைத்தால் பச்சை நிறம் கறுத்துவிடும். ஒரு கை சோற்றோடு மூன்று கை வறை என்று தின்று பாருங்கள்.

குளத்து மீன் அடுத்தது. நாம் ‘யப்பான்’ என்று அழைக்கும் திலாப்பியா 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது. அதற்கு முன்பிருந்தே இருப்பவை விரால், கெளிறு, உழுவை, விலாங்கு. வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரைக்குளம் என்று எந்தக் குளக்கட்டிலும் காலையில் மீன் வாங்கலாம். கடல் பக்கம் நந்திக்கடல் இறால், கொக்கிளாய் நண்டு, முல்லைத்தீவுக் கரைவலையில் வரும் சூடை. சூடையும் நெத்தலியும் முள்ளோடு தின்னத் தக்கவை, கல்சியத்துக்கு அதைவிட மலிவான வழி தெரியாது. கருவாட்டை மட்டும் குறையுங்கள். வேட்டுவர் உணவில் உப்பு மிகக் குறைவு, பிரஷர் உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

பழங்களில் பாலை, வீரை, முரலி, நாவல், விளா, ஈச்சு, சூரை. பாலைப்பழம் பிசின் போல உதட்டில் ஒட்டும், இனிப்போ நெஞ்சுக்குள் இறங்கும். அந்தக் காலத்தில் கரடியும் அதே மரத்துக்கு வரும் என்பதால், பழமாயப் போகிறவர்கள் தனியாகப் போவதில்லை. முரலிப்பழம் பருவத்தில் தெருவோரம் பேணிக் கணக்கில் விற்கும் பிள்ளைகளிடம் வாங்குங்கள், அப்பிளுக்குக் கொடுக்கும் காசை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

கிழங்குகளில் கொட்டிக்கிழங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குளம் வற்றிக்கொண்டு போகும் மாதங்களில், முழங்கால் ஆழச் சேற்றில் கையால் துழாவி எடுப்பது. அவித்துத் தோல் உரித்தால் உள்ளே வெள்ளை மா. ஒரு கடகம் சேர்க்க ஒரு காலை முழுவதும் குனிந்து நிமிர வேண்டும். அந்தக் குனிதலும் உணவின் ஒரு பகுதிதான். இதை எடுக்கத் தெரிந்த அம்மம்மாக்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். அவர்களோடு ஒருநாள் குளத்துக்குப் போங்கள், எந்த இலை எந்தக் கிழங்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பனங்கிழங்கும் ஒடியலும் மாச்சத்துக் கூடியவை, ஆனால் நாரும் நிறைய. ஒடியற்கூழில் நண்டும் இறாலும் மீனும் முருங்கையிலையும் பயற்றங்காயும் போடுவதால் அது நல்ல உணவு. சீனி உள்ளவர்கள் ஒரு கோப்பையோடு நிறுத்தி, அன்றைக்குச் சோற்றைத் தவிர்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வயல் வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் களைநாசினி அடித்திருப்பார்கள். அங்கே இலை ஆய வேண்டாம்.

மரை, மான், உடும்பு இறைச்சி உடம்புக்கு நல்லதென்கிறார்களே?

கொழுப்புக் குறைந்தது என்பது உண்மை. ஆனால் மரை, மான், உடும்பு, அழுங்கு ஆகியவை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை. காட்டு இறைச்சி வத்தல் என்று இரகசியமாக விற்பதை வாங்கினால் குற்றத்துக்குத் துணைபோகிறீர்கள். போருக்குப் பிறகு காடு குறைந்து வருகிறது. நூறாயிரக்கணக்கானோர் வாழும் வன்னியில் எல்லோரும் வேட்டைக்கு இறங்கினால் சில மாதங்களில் காடு ஊமையாகிவிடும்.

மிதிவெடி ஆபத்து இன்னும் முற்றாகத் தீரவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் பழமும் வேண்டாம், தேனும் வேண்டாம், திரும்பிவிடுங்கள். ஊர்க்கோழி, ஆட்டிறைச்சி, குளத்து மீன், முட்டை நமக்குப் போதும்.

காலையில் 100 பாதாம் சாப்பிட வேண்டுமா?

வேண்டாம். 100 பாதாம் 120 கிராம் அளவு, ஏறத்தாழ 700 கலோரி. விலையோ ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். இரண்டு முட்டையும் ஒரு பிடி முல்லைத்தீவுக் கச்சானும் அந்த வேலையைச் செய்யும். கச்சான் பருப்பினம் என்பதால் வேட்டுவ உணவில் சேராது என்பவர்களோடு நான் வாதாட மாட்டேன், ஆனால் கச்சானை விடவும் சொல்ல மாட்டேன்.

தேன் இயற்கையானது, சீனி வருத்தக்காரர் சாப்பிடலாம்தானே?

ஹட்சா மக்கள் தேனை அள்ளி உண்கிறார்கள், பருவத்தில் கலோரியின் குறிப்பிடத்தக்க பங்கு அதிலிருந்துதான். அதற்காக அவர்கள் மரமேறித் தேனீயிடம் கொட்டு வாங்குகிறார்கள். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான், குருதியில் சீனி ஏறும். தேத்தண்ணியில் சீனிக்குப் பதில் தேன் போடுவதால் ஒன்றும் மாறாது.

கிழங்கையும் இறைச்சியையும் பச்சையாக உண்ண வேண்டுமா?

கூடாது. மனிதர் நெருப்பில் சமைத்து இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன, சமையல் வேட்டுவர் அறிவின் உச்சம். காட்டுக் கிழங்குகளில் பல அவித்து, நீர் மாற்றி, கசப்பு நீக்கிய பிறகே உண்ணத் தக்கவை. ஒடியல் மாவைக்கூட நீரில் ஊறவிட்டு வடித்துத்தானே கூழ் காய்ச்சுகிறோம்.

அடையாளம் தெரியாத கிழங்கை ஒருபோதும் தோண்டாதீர்கள். கார்த்திகைக் கிழங்கை உண்ணும் கிழங்கென்று தவறாக நினைத்து அவித்துத் தின்று இலங்கையில் பலர் இறந்திருக்கிறார்கள். அதிலுள்ள கொல்கிசின் நஞ்சு அவித்தாலும் போகாது. அந்தக் கொடியின் இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும், பூ இருந்தால் யாருக்கும் தெரியும். கோடையில் கொடி காய்ந்து மண்ணுக்குள் கிழங்கு மட்டும் கிடக்கும்போதுதான் ஆபத்து. தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யார் இதைத் தொடக்கூடாது? யார் டொக்ரரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும்?

இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற சீனிக் குளிசை எடுப்பவர்களும் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பிய கதைகள் எனக்குத் தெரியும். எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் என்ற சீனிக் குளிசைகள் எடுப்பவர்கள் மாச்சத்தை மிகவும் குறைத்தால் குருதி அமிலமாகும் அபாயம் உண்டு, அப்போது சீனி அளவு அவ்வளவு கூடியிராததால் கண்டுபிடிப்பது கடினம். குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பிரஷர் குளிசையின் அளவும் மாற்ற வேண்டி வரலாம். குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் கிளினிக்கில்தான், குறிஞ்சா வறையை நம்பி நிறுத்த வேண்டாம்.

சிறுநீரகம் பற்றித் தனியாகச் சொல்கிறேன். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்ட, காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் பரவியிருக்கிறது. தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. இந்த நிலையில் தட்டு நிறைய இறைச்சி என்ற முறை சிறுநீரகத்துக்குச் சுமை. வயல்வேலை செய்பவர்கள், வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தவர்கள், உணவை மாற்றுமுன் சீரம் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் குருதிப் பரிசோதனை) சிறுநீரில் புரதமும் பார்த்துவிடுங்கள். அரச ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கலாம்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், எடை குறைந்தவர்கள் டொக்ரர் சொல்லாமல் எந்த உணவுக் கட்டுப்பாட்டுக்கும் போகக்கூடாது.

வேட்டுவர் போல ஒருவேளை பட்டினி கிடந்தால் நல்லதாமே?

உண்ணும் நேரத்தைச் சுருக்குவது சிலருக்கு எடை குறைக்க உதவுகிறது. ஆனால் வன்னியில் இதைச் சொல்லும்போது எனக்குத் தயக்கம் வருகிறது. 2009இல் போரின் கடைசி மாதங்களில் உப்பும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒவ்வொரு மே 18உம் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்கிறோம். அப்படிப் பசியறிந்த ஒரு அம்மா சோற்றுப்பானையை வெறுமையாக விட மறுத்தால், ஒரு கவளம் மிச்சமில்லாமல் வழித்துண்டால், அதை அறியாமை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவர்களிடம் பட்டினி பற்றிப் பேச வேண்டாம். கறியைக் கூட்டிச் சோற்றைக் குறைக்கும் வழியைச் சொல்லலாம், வயிறு நிறையும்.

இன்னொன்று. 1944-45 குளிர்காலத்தில் ஒல்லாந்தில் பஞ்சம் வந்தபோது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் பரிசோதித்தார்கள், குருதிச் சீனியைக் கையாளும் திறன் அவர்களுக்குக் குறைந்திருந்தது. ஆகவே 2008-09இல் வன்னியில் கருவுற்றுப் பிறந்த பிள்ளைகளின் எடையையும் சீனியையும் இள வயதிலிருந்தே பார்த்து வருவது நல்லது.

பாலும் பருப்பும் விட வேண்டுமா?

ஒத்துக்கொள்ளாதவர்கள் பாலை விடலாம். பயறு, கௌபி, உழுந்து, பருப்பு ஆகியவற்றை விட ஒரு காரணமும் தெரியவில்லை. இறைச்சி வாங்க முடியாத வீட்டில் புரதம் இவற்றிலிருந்துதான்.

உணவு மட்டும் மாறினால் போதுமா?

ஹட்சா ஆண்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றரும் பெண்கள் 6 கிலோமீற்றரும் நடக்கிறார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அவர்கள் செலவழிக்கும் மொத்தச் சக்தி, உடல் எடைக் கணக்கில் பார்த்தால் நகரவாசிகளைப் போலவே இருக்கிறது என்று 2012இல் அளந்து சொன்னார்கள். எடை குறைய உணவைத்தான் பார்க்க வேண்டும் என்பது இதன் பாடம். நடை வேறு வேலை செய்கிறது: சீனியைத் தசைக்குள் இழுக்கிறது, பிரஷரைக் குறைக்கிறது, நித்திரை தருகிறது. சாப்பிட்ட பிறகு குளக்கட்டில் கால் மணி நேரம் நடந்தாலே சீனியில் வித்தியாசம் தெரியும். கடைக்குப் போக மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

வளரும் பிள்ளைக்குச் சோறு வேண்டும். நிறுத்த வேண்டியது பிஸ்கட், சோடா, பாணுக்குள் சீனி வைத்துக் கொடுக்கும் வழக்கம். பாடசாலைக்கு அவித்த கௌபி, முட்டை, பனங்கிழங்கு, பருவப் பழம் கொடுத்துவிடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

முதல் வாரம் தேத்தண்ணியில் சீனியைப் பாதியாக்குங்கள், இரண்டாவது வாரம் நிறுத்துங்கள். அதன் பிறகு இரவுப் புட்டையும் பாணையும் எடுத்துவிட்டு மீனும் இரண்டு மரக்கறியும் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானச் சோற்றை ஒரு சிறு கோப்பையால் அளந்து போடுங்கள், மிச்ச இடத்தை இலை வறையும் கறியும் நிரப்பட்டும். வாரத்துக்கு ஒரு புதிய இலை என்று சேர்த்து வந்தால் ஓர் ஆண்டில் வேலியே மருந்துக்கடையாகும். மாரி தொடங்கும்போது முசுட்டைக் கொடித் துண்டையும் தூதுவளை விதையையும் வேலியோரம் நட்டுவிடுங்கள்.

தொடங்கும் முன் எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், வெறும் வயிற்றுச் சீனி, எச்பிஏ1சி, கொழுப்பு, கிரியேட்டினின் எடுத்துக் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனைகளை மறுபடி செய்யுங்கள். கெட்ட கொழுப்பு ஏறியிருந்தால் வெண்ணெயையும் கொழுப்பு இறைச்சியையும் தேங்காய்ப்பாலையும் குறைத்து மீனைக் கூட்டுங்கள். கிரியேட்டினின் ஏறியிருந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல் டொக்ரரிடம் காட்டுங்கள்.